38 கினி கொடுத்து வாந்தி எடுத்தவர்கள்

வாசகர் கேள்வி, ஜூன் 3
1840-களில் அட்லாண்டிக்கைக் கடந்த பணக்காரர்கள் நீராவிக் கப்பலில் ராஜா மாதிரிப் போயிருப்பார்கள், பாய்மரக் கப்பலில் போன ஏழைகள்தான் கஷ்டப்பட்டிருப்பார்கள், அப்படித்தானே? பழைய போஸ்டர்களில் பெரிய ஹால், சரவிளக்கு, நடனம் எல்லாம் இருக்கிறதே.

ஜூன் 3, இரவு
அந்தப் போஸ்டர்கள் 1900-ஐ ஒட்டி வந்தவை. டைட்டானிக் 1912. நீங்கள் கேட்கும் காலம் அதற்கு எழுபது வருடம் முந்தியது.

1840 ஜூலை 4 அன்று லிவர்பூலிலிருந்து கிளம்பிய பிரிட்டானியா என்ற நீராவிக் கப்பலை எடுத்துக்கொள்வோம். கியூனார்ட் கம்பெனி அட்லாண்டிக் தபாலுக்காகக் கட்டிய நான்கு கப்பல்களில் முதலாவது. மரக்கப்பல். இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம். நீளம் 207 அடி, அகலம் 34 அடி. நம்மூர் டவுன் பஸ்கள் ஐந்தாறை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் நீளம் முடிந்துவிடும். இதற்குள் 115 பயணிகள், மாலுமிகள், எஞ்சின், பாய்லர், தபால் மூட்டை, சரக்கு, 640 டன் நிலக்கரி. ஒரு நாளைக்கு 38 டன் கரி எரித்தது. கரியும் எஞ்சினும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இடத்தில்தான் ஆட்கள். பாஸ்டன் வரை கட்டணம் 38 கினி (ஒரு கினி என்பது ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்), சாப்பாடும் ஒயினும் சேர்த்து. அன்றைக்கு இங்கிலாந்தில் ஒரு கூலித் தொழிலாளி வருடம் முழுக்க உழைத்தாலும் அவ்வளவு சேராது.

சரவிளக்கா? இரண்டு அறைக்கு நடுச்சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு விளக்கு. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், அதே வெளிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் அதையும் அணைத்துவிடுவார்கள்.

ஜூன் 4, காலை
டிக்கன்ஸ் போனாரே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போனார், இதே பிரிட்டானியாவில். 1842 ஜனவரி. அட்லாண்டிக் மிக மோசமாக இருக்கும் மாதம். வயது 29, அதற்குள் ஊரறிந்த எழுத்தாளர். மனைவி கேத்தரினும் அவருடைய பணிப்பெண் ஆனும் கூட வந்தார்கள். நான்கு குழந்தைகளையும் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்த அமெரிக்கப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தின் முதல் இரண்டு அத்தியாயங்களும் கப்பல்தான். எனக்கு மிகவும் பிடித்தது அவர் அறையைப் பார்க்கும் இடம். லண்டனில் ஏஜண்ட் ஆபீஸில் ஒரு அச்சுப்படம் மாட்டியிருந்திருக்கிறது. விசாலமான சலூன், அலங்காரம், உலாவும் சீமாட்டிகள். அதைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். லிவர்பூலில் கப்பலேறி அறைக்கதவைத் திறந்தால், பெட்டி உள்ளே போகாது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கை, மெத்தை என்ற பெயரில் மெல்லிய ஒரு விரிப்பு, உட்கார்ந்தால் வழுக்கும் குதிரைமயிர் இருக்கை. இது யாரோ செய்த வேடிக்கை, நிஜ அறை வேறெங்கோ இருக்கிறது என்று கொஞ்ச நேரம் நம்ப முயன்றிருக்கிறார். படுக்கை விரிப்பில் அவர்கள் பேரை எழுதிக் குத்தி வைத்திருந்ததால் அதுவும் முடியவில்லை.

ரிசார்ட் போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் கட்டிய யாருக்கும் இந்த அத்தியாயம் பிடிக்கும்.

ஜூன் 4, மதியம்
சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவருக்கு. பாலுக்காக மேல்தளத்தில் ஒரு பசுவே இருந்தது. ஆடு, கோழி எல்லாம் உயிரோடு ஏற்றுவார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் புத்தம்புது கறிக்கு அதுதான் வழி. ஒரு மணிக்கு உருளைக்கிழங்கு, சுட்ட ஆப்பிள், பன்றித்தலை, உப்பிட்ட இறைச்சி. ஐந்து மணிக்கு இன்னொரு பெரிய சாப்பாடு. பட்டியல் பிரமாதம். சாப்பிடத்தான் ஆளில்லை.

அந்தப் பயணத்தில் சமையல்காரர் கெட்டுப்போன விஸ்கியைத் திருட்டுத்தனமாகக் குடித்து மட்டையாகிவிட்டார். தீயணைக்கும் குழாயை அவர்மேல் திருப்பித் தெளிய வைத்தார்கள். ரொட்டி போடுபவருக்கும் பலகாரம் செய்பவருக்கும் உடம்பு சரியில்லை. பலகாரக்காரர் இடத்துக்கு வந்தவருக்கும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. கீழே விழாமல் இருக்க அவரைச் சுற்றிக் காலிப் பீப்பாய்களை அடைகொடுத்து மாவு தேய்க்கச் சொன்னார்கள். பரிமாறுகிறவர்கள் படியில் உருண்டு, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நடமாடினார்கள். பயணிகளின் அவஸ்தையை விட இது கொடுமை. பயணி படுத்துக் கிடக்கலாம், இவர்களுக்கு அந்த வசதியும் கிடையாது.

ஜூன் 5
"ஆட்டம் எல்லாக் கப்பலிலும்தான் இருக்கும், இதில் என்ன விசேஷம்?" நல்ல கேள்வி.

பாய்மரக் கப்பலில் காற்று பாயை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டே இருக்கும். கப்பல் சாய்ந்துதான் போகும், ஆனால் அந்தச் சாய்வே ஒரு பிடிமானம். கொஞ்ச நேரத்தில் உடம்பு அதற்குப் பழகிவிடும். நீராவிக் கப்பலோ எதிர்காற்றிலும் நேராக மோதிக்கொண்டு போகும். ஆரம்பகாலக் கப்பல்களில் பாயும் வைத்திருந்தார்கள், ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்க அதுவும் உதவியது. எதிர்காற்றில் பாயைச் சுருட்டியாக வேண்டும், அந்த உதவியும் போய்விடும்.

பக்கவாட்டில் உருளும்போது ஒரு சக்கரம் முழுக்கத் தண்ணீரில் முங்கும், மறுபக்கச் சக்கரம் காற்றில் சுழலும். அடுத்த நொடி மாறும். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் திணறும், பிறகு திமிறும், கப்பல் மூக்கு அங்குமிங்கும் இழுபடும். கிளம்பும்போது கரி பாரத்தால் கப்பல் அமிழ்ந்து கிடக்கும், சக்கரம் அதிக ஆழத்தில் உழலும். கரி எரிய எரியக் கப்பல் எழும்பி, கடைசி நாட்களில் சக்கரம் தண்ணீரைச் சரியாகத் தொடவே தொடாது. இரண்டு முனைக்கும் நடுவில் சில நாள்தான் எல்லாம் அளவாக இருக்கும்.

டிக்கன்ஸ் பயணத்தில் ஒரு அலை உயிர்காக்கும் படகை நொறுக்கி, சக்கரக் கூட்டின் பலகைகளையும் பெயர்த்துக்கொண்டு போனது. அதன் பிறகு சக்கரம் இறைத்த தண்ணீர் நேராக மேல்தளத்தில் விழுந்தது. பயந்துபோன பெண்களுக்குக் கொடுக்க அவர் பிராந்தியும் தண்ணீரும் கலந்து எடுத்துப் போகிறார். அவர்கள் உட்கார்ந்திருந்த நீள சோபா கப்பலோடு சேர்ந்து அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் சறுக்குகிறது. இவர் கோப்பையோடு துரத்துகிறார். கடைசியில் பிடித்தபோது கோப்பையில் மிச்சம் ஒரு ஸ்பூன் அளவு.

சொந்த அனுபவம் ஒன்று. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு மழைக்காலத்தில் கப்பலில் போயிருக்கிறேன், பங்க் வகுப்பில். இரும்புக் கப்பல், டீசல், நல்ல பெரிய சைஸ். அதிலேயே ஆட்டத்தைக் கூட என்னால் தாங்க முடிந்தது, வாசனையைத் தாங்க முடியவில்லை. டீசல், பெயிண்ட், எங்கிருந்தோ வரும் சாம்பார், பக்கத்துப் படுக்கைக்காரர் வாந்தி, அதன்மேல் ஊற்றிய பினாயில். அதனால் பழைய பயணக் குறிப்புகளைப் படிக்கும்போது அலையின் உயரத்தைத் தாண்டி மூக்கைப் பற்றிய வரிகளில்தான் நிற்பேன். மரக்கப்பலின் அடியில் எப்போதும் தேங்கிக் கிடக்கும் அழுக்குத்தண்ணீர், எஞ்சினுக்குப் போடும் சூடேறிய கொழுப்பு, கரிப்புகை, கொட்டகை ஆடுமாடு. புயல் என்றால் வட்டச் சன்னலை எல்லாம் இறுக்கி மூடிவிடுவார்கள்.

ஜூன் 5, இரவு
"இழை முழுக்க ஒரே வாந்தி" என்று புகார் வந்திருக்கிறது. தலைப்பைப் பார்த்துவிட்டுத்தானே ஐயா உள்ளே வந்தீர்கள்.

ஜூன் 7
இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்த விஷயம் இது. இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு ஏன் வசதி செய்து தரவில்லை?

பயணிக்காகக் கட்டிய கப்பலே இல்லை இது. தபாலுக்காகக் கட்டியது. இன்றைய கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுக வணிகர் சாமுவேல் கியூனார்ட் 1839-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையோடு ஒப்பந்தம் போட்டார். வருடத்துக்கு முதலில் 55,000 பவுண்டு, பிறகு நான்கு கப்பலுக்கு 60,000. குறித்த நாளில் கிளம்பியாக வேண்டும், தவறினால் அபராதம். தபாலுக்குப் பொறுப்பாகக் கடற்படை அதிகாரி ஒருவரே ஒவ்வொரு கப்பலிலும் வருவார். சம்பளம் தபால் கொடுக்கிறது, பயணி கொடுப்பது மேல் வருமானம். அப்புறம் எதற்கு அகலமான கட்டில்?

பயணியும் இதை ஏற்றுக்கொண்டுதான் வந்தான். நியூயார்க்குக்கும் லிவர்பூலுக்கும் இடையே 1818 முதலே பாக்கெட் என்று அழைத்த, தபாலும் பயணிகளும் ஏற்றும் பாய்மரக் கப்பல்கள் தேதி குறித்துக் கிளம்பிக்கொண்டிருந்தன. கிளம்புகிற தேதி நிச்சயம், போய்ச் சேருகிற தேதி காற்றின் கையில். அமெரிக்கா நோக்கிப் போகும்போது எதிர்காற்று. ஐந்து வாரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். பிரிட்டானியா முதல் பயணத்திலேயே ஹாலிஃபாக்ஸை 12 நாள் 10 மணி நேரத்தில் தொட்டது. வியாபாரிக்கு அது போதும். "இத்தனாம் தேதி பாஸ்டனில் இருப்பேன்" என்று கடிதம் எழுத முடிந்தது. அதற்குத்தான் 38 கினி. உடம்பு படும் பாடு தனிக் கணக்கு.

ஜூன் 8
பிரிட்டானியாவுக்கு முன்பே அட்லாண்டிக்கைக் கடந்த சிரியஸ் என்ற நீராவிக் கப்பலில் கரி தீர்ந்து மேஜை நாற்காலி எல்லாம் எரித்தார்களாமே என்று கேட்டவருக்கு: நல்ல கதை, பல இடங்களில் சுற்றுகிறது. சிரியஸ் 1838 ஏப்ரல் 4 அன்று அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து கிளம்பி 22 அன்று நியூயார்க் சேர்ந்தது. நான்கு நாள் பின்னால் பிரிஸ்டலிலிருந்து கிளம்பிய கிரேட் வெஸ்டர்ன் என்ற இன்னொரு நீராவிக் கப்பல் அடுத்த நாளே வந்துவிட்டது. சிரியஸில் கரி கடைசியில் குறைந்தது உண்மை, ஆனால் துறைமுகம் சேர்ந்தபோது கொஞ்சம் மிச்சம் இருந்தது. நாற்காலி தப்பித்தது.

அந்த கிரேட் வெஸ்டர்னில் முதல் பயணத்துக்கு எத்தனை பயணி தெரியுமா? ஏழு பேர். லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு வரும் வழியில் எஞ்சின் பகுதியில் தீப்பிடித்தது. பதிவு செய்திருந்தவர்களில் ஐம்பது பேர் போல ரத்து செய்துவிட்டார்கள். கப்பலை வடிவமைத்த புரூனல் எரிந்த ஏணியிலிருந்து விழுந்து அடிபட்டார்.

ஜூன் 9
பயத்தைப் பற்றி நான் சரியாகச் சொல்லவில்லை என்று தூத்துக்குடி நண்பர் சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரசிடெண்ட் என்ற பெரிய நீராவிக் கப்பல் 1841 மார்ச்சில் நியூயார்க்கிலிருந்து 136 பேரோடு கிளம்பியது. ஒரு பலகை கூடக் கிடைக்கவில்லை. அன்று புகழ்பெற்ற ஐரிஷ் நடிகர் டைரோன் பவர் அதில் இருந்தார். டிக்கன்ஸ் கப்பலேறியது அதற்குப் பத்து மாதம் கழித்து. மரக்கப்பலுக்கு நடுவில் இரவு பகலாக அடுப்பு, மேலே பொறி பறக்கும் புகைபோக்கி. படுக்கையில் கிடந்து அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நெருப்புப் பயம்தான் அவரை மாற்றியது. 1842 ஜூனில் ஊர் திரும்பும்போது ஜார்ஜ் வாஷிங்டன் என்ற பாய்மரக் கப்பலில் டிக்கெட் எடுத்தார்.

முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. பணமும் புகழும் இருந்தவர், இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தபோது பாயைத் தேர்ந்தெடுத்தார்.

ஜூன் 11
இப்போது ஏழைகள் பக்கம். பிரிட்டானியா போன்ற கப்பல்களில் ஏழைகளுக்கு இடமே கிடையாது. 1847-இல் அயர்லாந்துப் பஞ்சத்தில் தப்பி ஓடியவர்கள் எல்லாம் பாய்மரக் கப்பலின் அடித்தளத்தில் போனவர்கள். டைஃபஸ் காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். கியூபெக் அருகில் குரோஸ் தீவில் மட்டும் ஆயிரக்கணக்கானோரைப் புதைத்தார்கள். அந்தக் கதைக்கு முன்னால் டிக்கன்ஸின் மெத்தைப் புகார் ஒன்றுமே இல்லை, சரி. அதனால்தான் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்று இதுவரை ஒதுக்கி வைத்தேன்.

நீராவிக் கப்பலில் ஏழைகளை ஏற்ற ஆரம்பித்தது 1850-களில், இன்மேன் கம்பெனி. இரும்பு உடல், பின்னால் புரொப்பெல்லர். அவர்களுடைய முதல் கப்பல் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ 1854-இல் சுமார் 480 பேரோடு காணாமல் போனது. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. பாய்மரத்தில் ஆறு வாரம் கிடப்பதை நீராவியில் இரண்டு வாரமாகச் சுருக்கினாலே நோயும் பட்டினியும் பாதியாகும் என்று மக்களுக்குப் புரிந்தது. முதல் வகுப்புக்காரருக்கு நீராவி தந்தது நேரம். கடைசி வகுப்புக்காரருக்கு அது உயிர்.

1879-இல் எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் கிளாஸ்கோவிலிருந்து டெவோனியா கப்பலில் நியூயார்க் போனார், காதலியைத் தேடி. கடைசி வகுப்புக்கு 6 கினி, இரண்டாம் வகுப்புக்கு 8. எழுத ஒரு மேஜை வேண்டும் என்பதற்காக 8 கொடுத்தார். கடைசி வகுப்பில் படுக்கையும் தட்டும் நாமே கொண்டு போக வேண்டும். இரண்டாம் வகுப்பில் அதைக் கொடுப்பார்கள், அதோடு காபியா டீயா என்று கேட்பார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ருசியில் இருந்தன என்கிறார். இந்த இரண்டாம் வகுப்பு இருந்ததே கடைசி வகுப்புக்கு நடுவில்தான். மெல்லிய பலகைத் தடுப்பு. அந்தப்பக்கம் வாந்தி எடுப்பதும் குழந்தை அழுவதும் அப்படியே கேட்கும். ஆட்டம் அதிகமுள்ள கப்பலின் முன்மூக்கில் ஏழைகள் கூடம். அங்கே நாற்றத்தில் நுழைவதே கஷ்டம் என்று எழுதியிருக்கிறார்.

ஜூன் 12
"இரண்டாம் வகுப்புக்காரர் இறங்கிப் பார்த்து எழுதியது ஏழை அனுபவமா?" என்று கேட்கிறார்கள். இல்லைதான். ஏழைகள் எழுதிய கடிதங்களும் உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பாலும் "நல்லபடி வந்து சேர்ந்தோம், அடுத்து தம்பியை அனுப்புங்கள்" என்ற வகை. ஊரில் இருக்கிறவர்களைப் பயமுறுத்த யாருக்கு மனசு வரும்?

ஜூன் 16
விலகிப் போகிறேன், மன்னிக்கவும், ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. எஃகு செய்யும் முறைக்குப் பெயர்போன ஹென்றி பெஸ்ஸெமருக்குக் கடல் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது. 1868-இல் பிரான்சின் கலேயிலிருந்து இங்கிலாந்தின் டோவர் வந்த ஒரு பயணம் அவரைப் படுத்தி எடுத்துவிட்டது. பணம் இருந்தது, மூளை இருந்தது. கப்பல் எப்படி ஆடினாலும் ஆடாத ஒரு சலூன் செய்தால் என்ன என்று கிளம்பிவிட்டார். கப்பலுக்குள் அச்சில் தொங்கும் ஒரு பெரிய அறை. ஓர் ஆள் மட்டக்கருவியைப் பார்த்துக்கொண்டே நீரழுத்த விசையால் அதைச் சமனாக வைத்திருக்க வேண்டும். நிஜமாகவே கப்பல் கட்டி, அவர் பெயரையே வைத்தார்கள். 1875-இல் ஓட்டிப் பார்த்தார்கள். சலூனின் சமநிலையைச் சோதிக்குமுன் கப்பலைத் திருப்புவதே பெரும்பாடாகிவிட்டது. கலே துறைமுகப் பாலத்தில் போய் இடித்தது. கம்பெனி மூடப்பட்டது. இது ஆங்கிலக் கால்வாய்க் கதை, அட்லாண்டிக் அல்ல, ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 17
தீர்வு இவ்வளவு சிக்கலாக இருக்க வேண்டியதே இல்லை. பழைய பாய்மரக் கப்பலில் மரியாதைக்குரிய இடம் பின்பகுதி. கேப்டன் அங்கே, பெரிய மனிதர்கள் அங்கே. நீராவி வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. புரொப்பெல்லர் வந்ததும் முதல் வகுப்பு சரியாக அதன் தலைமேல் உட்கார்ந்தது. சாப்பாட்டு மேஜையில் கோப்பைகள் ராத்திரி பகலாகக் கிடுகிடுக்கும். முன்பின் ஆட்டமும் நுனிகளில்தான் அதிகம்.

1871-இல் ஒயிட் ஸ்டார் கம்பெனியின் ஓஷியானிக் வந்தது. சாப்பாட்டுக் கூடத்தையும் முதல் வகுப்பு அறைகளையும் நடுக்கப்பலுக்குக் கொண்டு வந்தார்கள். கூடம் கப்பலின் முழு அகலத்துக்கு. பெரிய சன்னல், அறையில் குழாய்த் தண்ணீர், ஆளைக் கூப்பிட மின்சார மணி. சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு என்று குழந்தைக்குத் தெரியும். கப்பல் கட்டுகிறவர்களுக்கு அது உறைக்க முப்பது வருடம் ஆனது. முன்னால் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. கேட்கிற பயணி இல்லாததால் செய்யவில்லை. 1870-க்குள் போட்டிக் கம்பெனிகள் பெருகின, பயணிக்கு வேறு கப்பல் கிடைத்தது.

ஜூன் 20
கரி தள்ளுபவர்களை எல்லோரும் மறந்துவிட்டோம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. அந்த 38 டன்னையும் மண்வாரியால் அள்ளிப் போட்டது மனிதர்கள். கரிக்கிடங்கிலிருந்து அடுப்பு வரை கரியைக் கொண்டுவர ஒரு கூட்டம், அடுப்பில் எறிய ஒரு கூட்டம். அடுப்புக்குப் பக்கத்துக் கரி முதலில் தீர்ந்துவிடும், போகப் போகத் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும், அதனால் கடைசி நாட்களில்தான் வேலை அதிகம். கப்பல் உருளும்போது திறந்த அடுப்பு வாயில் விழாமல் நிற்கவும் வேண்டும். அப்போதைய பாய்லர்கள் பெரும்பாலும் கடல்தண்ணீரையே கொதிக்க வைத்தன. உள்ளே உப்பு படியாமல் இருக்க அந்தக் கொதிநீரை அடிக்கடி வெளியேற்ற வேண்டும். கிரேட் வெஸ்டர்னின் தலைமை எஞ்சினியர் முதல் பயணத்திலேயே, நியூயார்க் சேர்ந்த பிறகு பாய்லரைக் காலி செய்யும்போது வெந்து இறந்தார். மேலே ஊரே திரண்டு வரவேற்பு கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

ஜூன் 29
மருந்தே இல்லையா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இருந்தது, எக்கச்சக்கமாக. பிராந்தி, ஷாம்பெயின், கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சி, வெறும் பிஸ்கட், வயிற்றை இறுக்கிக் கட்டும் துணி. 1860-களில் லண்டன் மருத்துவர் ஜான் சாப்மன் முதுகெலும்பு நெடுக ஐஸ் பை கட்டச் சொன்னார். ஜனவரி அட்லாண்டிக்கில், சூடேற்றாத அறையில், முதுகில் ஐஸ்.

உருப்படியான ஒரு மாத்திரை 1940-களின் கடைசியில் வந்தது, அதுவும் தற்செயலாக. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தோல் தடிப்புக்காக ஒரு பெண்ணுக்கு ஒவ்வாமை மருந்து கொடுத்தார்கள். டிராம் வண்டியில் வழக்கமாக வரும் குமட்டல் வரவில்லை என்று அவர் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். சோதித்துப் பார்க்க டாக்டர்கள் தேர்ந்தெடுத்த இடம் அட்லாண்டிக். 1948 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனி போன ஜெனரல் பலூ என்ற படைக்கப்பலில், ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களில் ஒரு பகுதிக்கு மாத்திரை, இன்னொரு பகுதிக்குச் சர்க்கரை வில்லை. மாத்திரை வேலை செய்தது. டிராமமைன் என்று விற்பனைக்கு வந்தது அதுதான்.

போர்ட் பிளேர் போகிறேன், எந்தப் படுக்கை கேட்கட்டும் என்று எழுதிய தம்பிக்கு: நடுக்கப்பல், கீழ்ப்படுக்கை, கிச்சனுக்கு எட்டத்தில். மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும்.